கெண்ட்லண்ட்ஸா, டகோமா பார்க்கா? வீட்டைப் பார்க்கும் முன் தெருவை அளப்பது எப்படி

மேரிலாந்தில் ஐ-270 நெடுஞ்சாலை ஓரத்து மருந்து நிறுவனங்களுக்கும் உயிரித் தொழில்நுட்ப ஆய்வகங்களுக்கும் வேலைக்கு வருகிற நம்மவர்கள் வீடு தேடத் தொடங்கினால், சீக்கிரமே யாராவது அவர்களைக் கெண்ட்லண்ட்ஸுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். கெய்தர்ஸ்பர்க் ஊரில் 352 ஏக்கர் பண்ணை நிலத்தில் எழுந்த குடியிருப்பு அது. 1988 ஜூன் மாதம் ஆண்ட்ரெஸ் துவானி, எலிசபெத் பிளேட்டர்-ஸைபெர்க் என்ற கட்டடக் கலைஞர் தம்பதி அந்தப் பண்ணையிலேயே முகாம் போட்டு, நகர அதிகாரிகள், பொறியாளர்கள், அக்கம்பக்கத்தவர் எல்லோரையும் கூட்டிவைத்து வரைந்த திட்டம். நெருக்கமான வீடுகள், நடைபாதையை ஒட்டிய முன்திண்ணை, கார் ஷெட் எல்லாம் பின்சந்தில், நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம். ‘நியூ அர்பனிசம்’ என்று பிறகு பெயர் பெற்ற போக்கின் ஆரம்பகால உதாரணங்களில் ஒன்று. இவர்களே 1981 வாக்கில் ஃபுளோரிடா கடற்கரையில் வரைந்த சீசைடு முந்தியது. ஆனால் 80 ஏக்கர் விடுமுறை ஊரான அதை வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி ஆண்டு முழுக்க வாழ்கிற குடும்பம் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

இன்னொரு பக்கம் டகோமா பார்க். 1883இல் ரயில் பாதையை ஒட்டி மனை பிரித்துத் தொடங்கிய புறநகர். வாஷிங்டன் எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. விக்டோரிய வீடுகள், பங்களாக்கள், இடையில் செங்கல் அடுக்குமாடி, சாய்வான தெருக்கள், பெரிய ஓக் மரங்கள். இன்னும் பழசு வேண்டுமென்றால் போட்டோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் 1749இல் நிறுவப்பட்ட அலெக்சாண்ட்ரியாவின் பழைய நகரம் இருக்கிறது. புதிய போக்குக்காரர்கள் தங்கள் முதல் மாநாட்டை 1993இல் அந்த ஊரில் வைத்துக்கொண்டது பொருத்தம்தான். அவர்கள் கண்ணுக்குமுன் வைத்துப் படம் வரைந்த ஊர்களில் அதுவும் ஒன்று.

‘புதுசு சினிமா செட் மாதிரி இருக்கிறது, பழசில்தான் உயிர் இருக்கிறது’ என்று ஒரு கட்சி, ‘பழசு ஒழுகும், எலி வரும்’ என்று இன்னொரு கட்சி. இந்தச் சண்டையால் வீடு வாங்குபவருக்குப் பைசா பிரயோஜனமில்லை. உள்தெருவைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பல இடங்களில் புதியதே ஒரு படி மேல். வித்தியாசம் தெரிவது விளிம்பில், அதாவது குடியிருப்பை விட்டு வெளியே கால் வைக்கும் இடத்தில். அடுத்தபடி, எல்லாமே ஒரே வயதில் இருப்பதில். இந்த இரண்டையும் வீடு காட்டும் ஏஜென்ட் சொல்ல மாட்டார். அவர் திண்ணையைக் காட்டுவார்.

திண்ணையிலிருந்தே தொடங்கலாம். டேப் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து கைப்பிடி வரை 8 அடி இருந்தால் எதிரெதிரே நாற்காலி போட்டு, நடுவே ஒரு சின்ன மேசையும் வைக்கலாம். 6 அடி என்றால் நாற்காலியை வரிசையாகத்தான் போட முடியும். 4 அடி வெறும் முகப்பு அலங்காரம். அங்கே செருப்பும் அமேசான் பெட்டியும்தான் உட்காரும். உயரத்தையும் பாருங்கள். நடைபாதையிலிருந்து 10, 15 அடி உள்ளே, இரண்டு மூன்று அடி உயர்ந்து இருந்தால், உட்கார்ந்திருப்பவர் கண்ணும் நடந்துபோகிறவர் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வரும். வணக்கம் சொல்வதும் சுலபம், சொல்லாமல் இருப்பதும் சுலபம். இவ்வளவு கிட்டத்தில் தரைமட்டத்திலேயே ஜன்னல் வைத்த வீடுகளில் பகல் முழுக்கத் திரை இழுத்தே கிடக்கும்.

அப்படியே தூணின் அடியை ஒரு ஸ்க்ரூடிரைவரால் மெல்லக் குத்திப் பாருங்கள். 90களில் கட்டியவற்றில் பைன் துண்டுகளை ஒட்டிச் செய்து பெயிண்ட் அடித்த தூண்கள் ஏராளம். மழையும் பனியும் தேங்கும் அடிவிளிம்பில் தண்ணீர் உறிஞ்சி, பெயிண்டுக்குள்ளேயே மக்கிவிடும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். குத்தினால் முனை பிஸ்கட்டில் இறங்குவதுபோல இறங்கும். ஜன்னல் சட்டத்தின் கீழ்க்கட்டையும் இதே கதை. பி.வி.சி. அல்லது ஃபைபர்கிளாஸ் போட்டு மாற்றிவிடலாம், ஆனால் பொருள், அளவு, நிறம் எல்லாவற்றுக்கும் அசோசியேஷனின், அதாவது குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்தின், வடிவமைப்புக் குழு ஒப்புதல் வேண்டும். குழு கூடும் தேதிகளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளாதவர்கள், தச்சரை வரச்சொல்லிவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டிவரும்.

தெருவின் அகலத்துக்கு வருவோம். இருபுறமும் கார் நிற்க, நடுவே ஒரு கார் போக, எதிரே வருபவர் ஒதுங்கி வழிவிட, விளிம்புக்கல்லுக்கும் விளிம்புக்கல்லுக்கும் இடையே 26 முதல் 28 அடி போதும்: நிறுத்த பக்கத்துக்கு 7 அடி, மீதி ஓட. வழக்கமான புறநகரில் இதே அளவு வீடுகளுக்கு 36 அடிகூடப் போட்டிருப்பார்கள். அகலம் கூடினால் கால் தானாக ஆக்சிலரேட்டரை அழுத்தும், பலகையில் 25 மைல் என்று எழுதியிருந்தாலும். தெருமுனை வளைவும் இப்படித்தான். பழைய நகரங்களில் வளைவின் ஆரம் 10, 15 அடி. புறநகர் வழக்கம் 25, 30 அடி. ஆரம் பெருத்தால் வண்டி வேகம் குறைக்காமல் திரும்பும், நீங்கள் கடக்க வேண்டிய தூரமும் நீளும். புதிய குடியிருப்புகளில் நல்லவை இந்த இரண்டையும் பழைய ஊர்களைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு சிக்கல்: தீயணைப்பு வண்டிக்குத் தடையில்லாமல் 20 அடி வழி வேண்டும் என்பது விதி. அதனால் பல தெருக்களில் ஒரு பக்கம்தான் நிறுத்த அனுமதி. வீட்டு வாசலில் எந்தப் பலகை நிற்கிறது என்று பாருங்கள். கொலுவுக்கு வருகிறவர்கள் காரை எங்கே விடுவார்கள் என்பது அந்தப் பலகையில் இருக்கிறது.

பின்சந்து இந்தக் குடியிருப்புகளின் மிகப் பெரிய பலம். குப்பை வண்டி, மின்மீட்டர், கார் ஷெட் எல்லாம் அங்கே போய்விடுவதால் முன்தெருவில் நடைபாதையைக் குறுக்கே வெட்டும் கார்ப்பாதை ஒன்றுகூட இருக்காது. ஆனால் ஷெட் கதவுக்கும் சந்தின் தார் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 7, 8 அடிக்குள் இருந்தால் அங்கே யாரும் கார் நிறுத்த நினைக்க மாட்டார்கள். 20 அடிக்கு மேல் இருந்தால் ஒரு கார் முழுசாக நிற்கும். இடைப்பட்ட 12, 14 அடிதான் ஆபத்து: நிறுத்தலாம் போலத் தோன்றும், காரின் பின்பாகம் சந்தில் நீட்டிக்கொண்டிருக்கும், எதிர்வீட்டுக்காரரால் ஷெட்டுக்குள் திரும்ப முடியாது, தினமும் தகராறு. சந்து நகராட்சியுடையதா அசோசியேஷனுடையதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். அசோசியேஷனுடையது என்றால் பனி அள்ளுவதும், ஒருநாள் தார் பெயர்த்துப் போடுவதும் உங்கள் சந்தாவில்தான். பனியை அள்ளி எந்த மூலையில் குவிக்கிறார்கள் என்று அந்தச் சந்தில் குடியிருக்கும் ஒருவரைக் கேட்டால், தயங்காமல் கை நீட்டிக் காட்டுவார்.

தனி ஷெட்டில் மின்கார் சார்ஜர் போட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல ஷெட்டுகளுக்கு வீட்டிலிருந்து போவது வெறும் 15 அல்லது 20 ஆம்பியர் இணைப்பு. வேகமான வீட்டுச் சார்ஜருக்கு 240 வோல்ட்டில் 40, 50 ஆம்பியர் தனி இணைப்பு வேண்டும். கொல்லைப்புறத்தைத் தோண்டிக் குழாய் பதிக்க வேண்டும், கல் பாவிய முற்றத்தைப் பெயர்க்க வேண்டும். எலக்ட்ரீஷியனின் மதிப்பீட்டைப் பேரம் முடிவதற்கு முன்பே வாங்கி, விலையில் கழித்துக் கேளுங்கள். மேரிலாந்தில் அசோசியேஷன் சார்ஜரைக் காரணமில்லாமல் மறுக்கச் சட்டம் இடம் தருவதில்லை. அதேபோலத் தனி வீட்டுக்காரர் துணி உலர்த்தும் கொடி கட்டுவதையும் 2010 முதல் முழுசாகத் தடுக்க முடியாது. எந்த இடத்தில் என்று நிபந்தனை வைக்கலாம், அவ்வளவுதான். இது தெரியாமல் பல வீடுகளில் வெயில் காயும் ஜூலையிலும் டிரையர் ஓடுகிறது.

டகோமா பார்க்கில் இந்த அளவுகள் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு தெருவில் அருமையான திண்ணை, அடுத்த தெருவில் நடைபாதையே கிடையாது. மெட்ரோ ரயில் நிலையத்திலிருந்து ஏற்றம் உண்டு. ஆகவே ‘டகோமா பார்க் நடக்கத் தகுந்த ஊர்’ என்று பொதுவாகச் சொல்வதை நம்பாமல், குறிப்பிட்ட முகவரியிலிருந்து நடந்து பார்க்க வேண்டும்.

விளிம்பு

ஐந்து நிமிட நடை என்பது கால் மைல், ஏறக்குறைய 400 மீட்டர். அந்த ஆரத்தில் வட்டம் போட்டால் 125 ஏக்கர் வருகிறது. கெண்ட்லண்ட்ஸுக்குள் இப்படி மூன்று வட்டம் போட்டால் கொஞ்சம் இடிக்கும். ஏக்கருக்கு ஐந்தாறு வீடு என்று வைத்தால் ஒரு வட்டத்துக்குள் 600, 700 குடும்பம். பாலும் ரொட்டியும் விற்கும் மூலைக்கடை ஒன்று பிழைக்கவே சுமார் 1000 குடும்பம் வேண்டும் என்பது கடைவீதித் திட்டக்காரர்களின் வழக்கமான கணக்கு; முழு சூப்பர்மார்க்கெட்டுடன் கூடிய வளாகத்துக்கு 6000 முதல் 8000 வரை. அப்படியானால் நடந்துவருகிற வாடிக்கையாளரை மட்டும் நம்பி எந்தக் கடையும் திறக்காது. நெடுஞ்சாலையில் போகும் கார்களும் வேண்டும், அவை நிற்க மைதானமும் வேண்டும். கெண்ட்லண்ட்ஸின் பெரிய கடைகள் விளிம்பில், பெரிய கார் நிறுத்தத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். உள்ளே மெயின் ஸ்ட்ரீட்டில் கீழே கடை, மேலே வீடு என்று அழகாகக் கட்டினார்கள். அங்கே நிலைத்து நிற்பவை பெரும்பாலும் எந்த மாதிரித் தொழில் என்று நடந்து பாருங்கள்: பல் மருத்துவர், முடிதிருத்தகம், யோகா, கணக்காளர். முன்பதிவு செய்துகொண்டு வருகிற வாடிக்கையாளர் உள்ள தொழிலுக்கு நடமாட்டம் தேவையில்லை, மளிகைக்கு வேண்டும்.

இந்தக் குடியிருப்பைச் சுற்றி ஓடுபவை கிரேட் செனிகா நெடுஞ்சாலை, குவின்ஸ் ஆர்ச்சர்ட் சாலை, டார்ன்ஸ்டவுன் சாலை. மூன்றும் பல தடங்கள் கொண்ட பெரிய சாலைகள். உள்ளே எட்டு வயதுப் பிள்ளையைத் தனியாக நடந்துபோகச் சொல்லலாம். ரேச்சல் கார்சன் தொடக்கப் பள்ளி குடியிருப்புக்குள்ளேயே இருப்பது பெரிய வரம். அதே பிள்ளை உயர்நிலைப் பள்ளி வயதை எட்டும்போது சாலையைக் கடந்தாக வேண்டும். அந்தச் சந்திப்பில் நின்று பட்டனை அழுத்தி, நடக்கும் விளக்கு எத்தனை நொடியில் வருகிறது, எத்தனை நொடி நிற்கிறது என்று கைபேசியில் எண்ணுங்கள். அமெரிக்க விதிகள் நொடிக்கு 3.5 அடி நடை என்று கணக்குப் போடுகின்றன: 90 அடிச் சாலைக்கு 26 நொடி. மூட்டுவலி உள்ள அம்மா நொடிக்கு 3 அடிதான் நடப்பார்; அவருக்கு 30 நொடி ஆகும். அந்த 4 நொடி வித்தியாசத்தில் அவர் நடுரோட்டில் நிற்பார்.

பழைய பகுதிக்கு விளிம்பு என்று ஒன்று அநேகமாக இருக்காது. டகோமா பார்க்கின் தெரு வாஷிங்டன் தெருவாகவே தொடரும். இந்தப் பக்கம் மேரிலாந்து, அந்தப் பக்கம் தலைநகரம், நடுவே ஒரு கோடுகூடக் கண்ணில் படாது. கரோல் அவென்யூ கடைகள் இரண்டு பக்கத்துக் குடும்பங்களையும் கடந்துபோகிற பேருந்துப் பயணிகளையும் சேர்த்து நம்பிப் பிழைக்கின்றன. லாரல் அவென்யூவில் ஞாயிறு உழவர் சந்தை 1983 முதல் நடக்கிறது. கூட்டுறவு மளிகைக்கடை ஒன்று டகோமா ஜங்ஷன் என்ற சந்திப்பில் உண்டு. கறிவேப்பிலைக்கும் இட்லி அரிசிக்கும் மட்டும் இரண்டு ஊரிலிருந்தும் கார்தான். அதில் பாரபட்சமே இல்லை.

ரயிலை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் தெளிவு. டகோமா மெட்ரோ நிலையம் 1978இல் திறந்தது. வாஷிங்டனின் பெரிய ரயில் நிலையமான யூனியன் ஸ்டேஷன் அங்கிருந்து ஐந்தாவது நிறுத்தம். கெண்ட்லண்ட்ஸுக்குப் பக்கத்திலுள்ள மெட்ரோ அதே சிவப்புத் தடத்தின் கடைசி நிலையமான ஷேடி குரோவ். அதற்கே பேருந்தோ காரோ பிடிக்க வேண்டும். விரைவுப் பேருந்துத் தடம் ஒன்று அந்தப் பக்கம் வரப்போகிறது என்று பல ஆண்டுகளாகப் படம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். வீடு விற்பவர்கள் அதைச் சொல்லி விற்றார்கள். தண்டவாளம் போடாத ரயிலுக்கும் வண்டி வாங்காத பேருந்துக்கும் ஒரு டாலர்கூடக் கூடுதல் விலை தராதீர்கள்.

இதைப் பணமாக்கிப் பார்க்கலாம். புதுக் கார் ஒன்றை வைத்து ஓட்ட, தேய்மானம், காப்பீடு, எரிபொருள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 12,000 டாலருக்கு மேல் ஆகிறது என்பது கார் ஓட்டுநர் சங்கமான ஏ.ஏ.ஏ. அமைப்பின் 2023 கணக்கு. மாதம் 1000. 30 ஆண்டு, 7 சதவீத வட்டியில் ஆயிரம் டாலர் கடனுக்கு மாதத் தவணை 6.65 டாலர். ஆக, இரண்டாவது கார் வேண்டாம் என்றாகும் வீட்டுக்கு ஏறக்குறைய 1,50,000 டாலர் கூடுதல் கடனைத் தாங்கும் சக்தி இருக்கிறது. பழைய டொயோட்டா ஒன்றைப் பத்து வருடம் ஓட்டுகிறவராக இருந்தால் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அசோசியேஷன் சந்தாவையும் இதே வாய்ப்பாட்டில் போடுங்கள்: மாதம் 150 டாலர் சந்தா என்பது 22,500 டாலர் கடனுக்குச் சமம். இந்த இரண்டு எண்ணையும் விலையோடு கூட்டிக் கழித்த பிறகு இரண்டு வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மலிவு என்று நினைத்தது பல நேரம் மலிவாக இருக்காது. ஆனால் கணவன், மனைவி இருவரின் அலுவலகமும் ஐ-270 ஓரத்தில் என்றால் மெட்ரோ வாசலில் இருந்தும் கார் குறையாது. அப்போது கெண்ட்லண்ட்ஸ்தான் புத்திசாலித்தனம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரே வயது

பழைய தெருவில் ஒரு வீட்டுக் கூரை போன வருடம் மாற்றியது, அடுத்தது இருபது வருடப் பழசு, அதற்கடுத்தது ஸ்லேட், நூறாண்டு தாண்டியும் நிற்கும். புதிய குடியிருப்பில் ஒரு கட்டம் முழுவதும் இரண்டு மூன்று வருடத்துக்குள் கட்டி முடிந்தது. கூரை ஓடு, தண்ணீர் சூடேற்றி, ஏசி, சந்துத் தார், நீச்சல்குளத்து மோட்டார் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக ஓய்வு பெறும். தனி வீட்டுக்காரருக்கு அது ஒரு செலவு. அசோசியேஷனுக்கு அது சிறப்பு வசூல், அதாவது சந்தாவுக்கு மேல் எல்லா வீட்டிலும் தனியாக வாங்கும் தொகை.

மரங்களில்கூட இது உண்டு. 90களில் அமெரிக்கத் தெருக்களில் பிராட்ஃபோர்டு பேரியும் ஆஷ் மரமும் வரிசை வரிசையாக நட்டார்கள். பேரி மரம் இருபது வயதுவாக்கில் கவட்டையில் பிளந்து விழும். ஆஷ் மரங்களை மரகதத் துளைப்பான் வண்டு தின்று தீர்த்தது. ஒரே இனம், ஒரே வயது என்றால் தெரு ஒரே பருவத்தில் மொட்டையாகும். மரம் நிற்கும் புல்பட்டை 3 அடிதான் என்றால் வேர் நடைபாதைக் கல்லைத் தூக்கும். 6 அடிக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். டகோமா பார்க்கில் பிரச்சினை தலைகீழ். அங்கே அடிமரச் சுற்றளவு 24 அங்குலத்தைத் தாண்டிய மரத்தை உங்கள் சொந்த மனையிலேயே நகராட்சி அனுமதியின்றி வெட்ட முடியாது. கூரைமேல் சாய்ந்த ஓக் மரத்தோடு வீடு வாங்குகிறீர்கள் என்றால், மர நிபுணரை வீட்டுச் சோதனையோடு சேர்த்தே வரவழைத்துவிடுங்கள்.

1990 முதல் 1995 வரை கட்டிய வீடுகளில் கட்டாயம் தேட வேண்டிய ஒன்று: பாலிபியூட்டிலீன் தண்ணீர்க் குழாய். 1978 முதல் 1995 வரை நாடெங்கும் போட்டது. சாம்பல் நிறம், வளையும் தன்மை, பி.பி. 2110 என்ற அச்சு. குளோரின் பட்டுப்பட்டு உள்ளே விரிசல் விட்டு, முன்னறிவிப்பில்லாமல் இணைப்பில் பிய்த்துக்கொள்ளும். தண்ணீர் சூடேற்றிக்கு மேலேயும், அடித்தளத்தில் முதன்மை வால்வுக்குப் பக்கத்திலும் பார்த்தால் தெரிந்துவிடும். மாற்றியிருக்கிறோம் என்று சொன்னால் ரசீது கேளுங்கள். தெரிகிற இடத்தில் மட்டும் தாமிரம் போட்டு, சுவருக்குள் பழசை விட்டுவைத்த வீடுகள் உண்டு.

அசோசியேஷன் ஆவணங்களில் படிக்க வேண்டியவை மூன்றுதான், மீதி அலங்காரம். ஒன்று, கையிருப்பு நிதி ஆய்வு. 2022 அக்டோபர் முதல் மேரிலாந்தில் பொதுச் சொத்துள்ள அசோசியேஷன்கள் ஐந்தாண்டுக்கொருமுறை இதைப் புதுப்பிக்க வேண்டும். அடுத்த பத்தாண்டில் எதெல்லாம் மாற்ற வேண்டும், எவ்வளவு ஆகும், கையில் எவ்வளவு இருக்கிறது என்று அதில் பட்டியல் இருக்கும். இரண்டு, கடந்த ஒரு வருடக் கூட்டக் குறிப்புகள். ‘வடிகால்’, ‘வழக்கு’, ‘சிறப்பு வசூல்’ என்ற சொற்களைத் தேடுங்கள். மூன்று, உங்கள் வீடு ஒரே அசோசியேஷனிலா, இரண்டிலா. காண்டோ (சொந்த அடுக்குமாடி வீடு) அல்லது டவுன்ஹவுஸ் (சுவர் ஒட்டிய வரிசை வீடு) என்றால் தாய்ச் சங்கத்துக்கு ஒரு சந்தா, கிளைச் சங்கத்துக்கு ஒரு சந்தா என்று இரண்டு கட்ட நேரிடும். விளம்பரத்தில் சிறியதை மட்டும் போடுவார்கள். அசோசியேஷன் ஆவணக் கட்டு கைக்கு வந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்ய மேரிலாந்துச் சட்டம் வாங்குபவருக்கு உரிமை தருகிறது. காண்டோ மறுவிற்பனைக்கு ஏழு நாள். கட்டு வெள்ளிக்கிழமை மாலை மின்னஞ்சலில் வந்தால் அந்த வார இறுதியை அதற்கே ஒதுக்கிவிடுங்கள்.

கட்டி முடியாத குடியிருப்பில் வாங்குகிறவர்கள் இன்னும் ஒரு படி போக வேண்டும். இதே மாவட்டத்தில், ஐ-270 வழியே இன்னும் வடக்கே, கிளார்க்ஸ்பர்க் டவுன் சென்டர் இருக்கிறது. அங்கே 2005இல் குடியிருப்பவர்களே அனுமதி வரைபடங்களைத் தோண்டியெடுத்து, வீடுகளின் உயரமும் முன் இடைவெளியும் அனுமதித்ததை மீறியிருப்பதை அம்பலப்படுத்தினார்கள். திட்ட வாரியம் மீறலை ஒப்புக்கொண்டது. வாக்களித்த கடைவீதியோ பல ஆண்டுகள் காலி நிலமாகவே கிடந்தது. விற்பனை அலுவலகத்துச் சுவரில் தொங்கும் வண்ணப்படத்துக்குச் சட்ட மதிப்பு கிடையாது. திட்ட அலுவலகத்தில் அங்கீகரித்த மனைவரைபடத்தைக் கேட்டு வாங்கி, அதில் இரண்டு விஷயம் பாருங்கள்: எத்தனையாவது வீட்டுக்குக் குடியேற்ற அனுமதி தருவதற்குள் பூங்காவும் கடையும் முடிந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறதா, கட்டுபவர் பிணைத்தொகை வைத்திருக்கிறாரா. நிபந்தனை இல்லையென்றால் கடை வராது என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். கெண்ட்லண்ட்ஸே 90களின் தொடக்க மந்தத்தில் தொடங்கியவர் கையைவிட்டு வங்கியின் கைக்குப் போன திட்டம்தான்.

பழைய வீட்டின் பட்டியல் வேறு

டகோமா பார்க்கிலோ, வாஷிங்டனின் கேப்பிட்டல் ஹில்லிலோ வாங்கினால் சந்தா மிச்சம். அந்தப் பணம் வேறு வழியில் போகும். முதல் செலவு கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது. வீட்டிலிருந்து தெரு வரை ஓடும் சுட்ட களிமண் குழாயின் இணைப்புகளில் மர வேர் புகுந்திருக்கும். சாதாரண வீட்டுச் சோதனையில் இது வராது, தனியாகச் சொல்ல வேண்டும். குளியலறைக் குழாய் இரண்டைத் திறந்துவிட்டு மூன்றாவதில் தண்ணீர் மெலிகிறதா பாருங்கள். மெலிந்தால் உள்ளே துருவேறிய, துத்தநாகம் பூசிய இரும்பு (கால்வனைஸ்) குழாய். அட்டத்தில் பீங்கான் குமிழ்களில் இழுத்த நாப் அண்ட் ட்யூப் வயர் இன்னும் ஓடுகிறதென்றால் பல காப்பீட்டு நிறுவனங்கள் பாலிசி தரத் தயங்கும். தோட்டத்தில் மண்ணிலிருந்து நீட்டும் தனிக் குழாய்த் துண்டு இருந்தால், அடியில் பழைய எண்ணெய்த் தொட்டி புதைந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

1978க்கு முன் கட்டிய எந்த வீட்டுக்கும் ஈயப் பெயிண்ட் அறிவிப்பு தர வேண்டும். சோதித்துப் பார்க்க 10 நாள் அவகாசமும் உங்களுக்கு உண்டு. கைக்குழந்தை உள்ள வீடு இதை விட்டுக்கொடுக்கக் கூடாது. மேலும் கீழும் உரசித் திறக்கும் ஜன்னலின் தடத்தில்தான் ஈயத் தூள் அதிகம் உதிரும். சுவரைவிட அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். கேப்பிட்டல் ஹில் செங்கல் வரிசை வீடுகளில் பூச்சு இடுக்கைப் பாருங்கள். நூறாண்டுச் செங்கல் மென்மையானது, அதற்குச் சுண்ணாம்புச் சாந்துதான் சேரும். யாரோ மலிவாகச் சிமெண்ட் திணித்திருந்தால் ஈரம் இடுக்கு வழியே வெளியேற முடியாமல் செங்கல் முகமே பொரிந்து உதிரும். சாம்பல் நிறத்தில், கல்லாக இறுகிய இடுக்கு தெரிந்தால் பழுது ஏற்கெனவே தொடங்கிவிட்டது. வரலாற்றுப் பகுதிக்குள் இருக்கும் வீடு என்றால் ஜன்னல் மாற்றவும் திண்ணை மாற்றவும் அரசு அனுமதி வேண்டும். அசோசியேஷன் இல்லை என்று சந்தோஷப்பட்டவர்கள் இங்கேதான் முழிப்பார்கள்.

சத்தம் ஒன்றில் மட்டும் பழசு சுலபமாக ஜெயிக்கும் என்பது கட்டுக்கதை. பழைய வரிசை வீட்டின் இரட்டைச் செங்கல் சுவர் நன்றாகவே தடுக்கும், ஆனால் தரைச் சட்டங்கள் அந்தச் சுவருக்குள் செருகியிருந்தால் காலடிச் சத்தம் கடந்து வரும். புதிய டவுன்ஹவுஸில் நடுவே தடித்த ஜிப்சம் பலகைகளும் இருபக்கமும் தனித்தனிக் கட்டைச் சட்டமும் காற்றிடைவெளியும் இருந்தால் மிக்சி ஓடுவதுகூடக் கேட்காது. பக்கத்து வீட்டில் ஆள் இருக்கும் மாலை நேரத்தில் போய்ச் சுவரில் காது வையுங்கள்.

சமையலறைப் புகைபோக்கியையும் மறக்க வேண்டாம். இரண்டு வகை வீட்டிலும் அடுப்புக்குமேல் மைக்ரோவேவ் தொங்கும். பலவற்றில் அது வெளியே ஊதாமல் புகையை வடிகட்டி திரும்ப உங்கள் முகத்திலேயே விடும். மேல் அலமாரியைத் திறந்து, தகரக் குழாய் மேலேயோ சுவர்ப்பக்கமோ போகிறதா பாருங்கள். இல்லையென்றால் தாளிப்பு வாசனை மாடி மெத்தை வரை ஏறும். நடுவரிசை டவுன்ஹவுஸில் அடுப்பு உள்சுவரில் இருந்தால் புதுக் குழாய் இழுக்கத் தூரம் அதிகம். ஓர வீடு சுலபம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்குவார்கள் என்பவர்களைக் கெண்ட்லண்ட்ஸில் ஷெட்டுக்கு மேலிருக்கும் தனி அறை மிகவும் ஈர்க்கும். தனிச் சமையல், தனிக் குளியலறை, பார்க்கப் பிரமாதம். ஏறிப் போவது செங்குத்தான படி, சிலவற்றில் வெளியே திறந்த படி. ஜனவரியில் அதில் பனி உறையும். அறுபத்தைந்தைத் தாண்டியவர்களை அங்கே வைப்பதைவிட, அதை வாடகைக்கு விட்டுவிட்டு, தரைத்தளத்தில் படுக்கையறையும் முழுக் குளியலறையும் உள்ள வீடாகத் தேடுவது நல்லது. வாடகைக்கு விட நகராட்சி உரிமமும் அசோசியேஷன் விதியும் இரண்டும் இடம் தர வேண்டும். முந்தைய உரிமையாளர் விட்டிருந்தார் என்பது உங்களுக்கு அனுமதி ஆகாது, உரிம எண்ணைக் கேளுங்கள். கார் ஓட்டாத பெரியவர்களுக்குக் கெண்ட்லண்ட்ஸின் உள்தெருவும் ஏரிக்கரைப் பாதையும் காலை நடைக்கு டகோமா பார்க்கின் மேடுபள்ளத்தைவிட எவ்வளவோ மேல். பகலில் தனியாக நூலகத்துக்கோ கோயிலுக்கோ கிளம்ப வேண்டும் என்பவர்களுக்குப் பேருந்து நிறுத்தம்தான் முக்கியம். அந்த நிறுத்தத்தில் செவ்வாய்க்கிழமை பகல் 11 மணிக்கு நின்று, அடுத்த வண்டி எப்போது வருகிறது என்று பாருங்கள். காலை எட்டு மணிக்குப் பார்த்தால் வண்டி அடுத்தடுத்து வரும், ஏமாந்துவிடுவீர்கள்.